“தியாடா” என்று எழுதினேன்

தோட்டத்துக் கிராணிக்குச் செக்ரோல் எழுதுவது மட்டும்தான் வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிறப்புப் பத்திரம் தொலைந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பாரம் நிரப்பவும் அவரிடம்தான் வருவார்கள். சிவப்பு அடையாளக் கார்டை நீலமாக்க மனு எழுதுவது, சொக்சோவுக்கு எழுதுவது, சேமநிதிப் பணம் எடுக்க எழுதுவது எல்லாம் அவர் தலையில்தான் விழும்.

கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் 1972-ஆம் ஆண்டு, என்னுடைய 21-ஆவது வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டம் துண்டாடப்படும் வரை அங்கேயே இருந்தேன். எத்தனை பாரங்கள் நிரப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் இன்றும் என் கண்முன் நிற்கிறது. அதில் நான் எழுதிய ஒரு சொல் ஓர் இளைஞனின் வாழ்க்கையைத் திசை மாற்றிவிட்டது. நல்லெண்ணத்தோடுதான் எழுதினேன். நல்லெண்ணத்தோடு செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத்தான் தெரியும்.

அந்த இளைஞனின் பெயர் இங்கே வேண்டாம். தம்பி என்றே சொல்கிறேன். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் பால் மரம் வெட்டித்தான் அவனையும் இரண்டு தங்கைகளையும் வளர்த்தாள். எஸ்.பி.எம். வரை படித்தவன், எங்கள் தோட்டத்துப் பந்துக் குழுவில் முன்னணி ஆட்டக்காரன். 1986-ஆம் ஆண்டு அவனுக்கு 19 வயது. பந்து விளையாட நல்ல பூட்ஸ் வாங்க வேண்டும் என்று ஆசை. தாயிடம் கேட்க மனம் வரவில்லை. ஒரு நாள் மாலை, வெட்டுக்காட்டில் கிடந்த ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் வைத்து டவுனுக்குப் புறப்பட்டான். தோட்டத்து வாசலில் ஜாகா பிடித்துவிட்டார்.

சாக்கை ஆபீசுக்குக் கொண்டுவந்தார்கள். எடை போட்டவன் நான். 14 கிலோ. “கிராணி ஐயா, விட்டுடச் சொல்லுங்கய்யா” என்று அவன் தாய் என் காலைப் பிடித்தாள். அந்த மாதத்தில் ஒட்டுப்பால் காணாமற் போனது அது முதல் தடவையல்ல. மானேஜர் பிடிவாதமாக இருந்தார். போலீஸ் புகாரில் எடையை எழுதியதும் நான்தான்.

கோர்ட்டுக்கு என்னையும் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். சாட்சி சொல்லத் தேவை ஏற்படவில்லை. வக்கீல் வைக்க வசதி ஏது? “குற்றத்தை ஒப்புக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடு, அதோட முடிஞ்சுது” என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். தம்பி ஒப்புக்கொண்டான். 200 வெள்ளி அபராதம். கட்டத் தவறினால் ஒரு மாதச் சிறை. தாயின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. வீட்டுக்கு வரும் வழியில், “இனி ஒன்னும் இல்லம்மா, எல்லாம் முடிஞ்சுது” என்று நான் ஆறுதல் சொன்னேன்.

முடியவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. நம் நாட்டில் குற்றவாளிகள், வேண்டப்படாதவர்கள் ஆகியோரைப் பதிவு செய்யும் சட்டம் ஒன்று 1969-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்களின் விவரமும் கைரேகையும் போலீசாரின் பதிவேட்டில் சேரும். அபராத ரசீது நம் வீட்டுப் பெட்டியில் கரையான் அரித்துப் போகலாம்; அந்தப் பதிவு அரிக்காது.

தம்பி அதன்பின் எந்த வம்புக்கும் போகவில்லை. லாரி லைசென்ஸ் எடுத்தான். தோட்டத்து லாரியில் ஓட்டுநருக்கு உதவியாளாகச் சேர்ந்து, பிறகு அவனே ஓட்டுநரானான். 1989-ஆம் ஆண்டு ஓர் அரசாங்க இலாகாவில் டிரைவர் வேலைக்கு மனுப் போட்டான். நேர்முகத் தேர்வில் தேறினான். எங்கள் தோட்டத்திலிருந்து அரசாங்க வேலைக்குப் போகும் முதல் பிள்ளைகளில் ஒருவன். லயத்தில் திருவிழா மாதிரி இருந்தது.

வேலைக் கடிதத்தோடு ஒரு கட்டுப் பாரங்கள் வந்தன. ஒரு சனிக்கிழமை மாலை தாயும் மகனும் அவற்றை எடுத்துக்கொண்டு என் குவார்ட்டர்சுக்கு வந்தார்கள். தாய் கையில் ஒரு நாட்டுக்கோழி. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. பாரங்களில் ஒன்று பாதுகாப்புப் பரிசோதனைக்கானது. பெயர், பிறந்த இடம், தாய் தகப்பன் விவரம் எல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு கேள்வியில் பேனா நின்றது. நீதிமன்றத்தில் எப்போதாவது குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றதுண்டா?

தம்பி என்னைப் பார்த்தான். “ஐயா, அதையும் எழுதணுங்களா?” என்று கேட்டான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. எடை போட்ட தராசு என் நினைவுக்கு வந்தது. புகாரில் எழுதிய 14 கிலோ நினைவுக்கு வந்தது. அன்று என் கையால் எழுதியதை இன்று என் கையாலேயே அழித்துவிடலாம் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். “சின்னக் கேசு, 200 வெள்ளிதானே அபராதம். மூணு வருசம் ஆச்சு. இதையெல்லாம் யாரு கிளறிப் பார்க்கப் போறா?” என்று சொன்னேன். “தியாடா” என்று எழுதினேன். இல்லை என்று பொருள். கடைசிப் பக்கத்தில், மேலே கூறியவை அனைத்தும் உண்மை, பொய் என்று தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கப்படலாம் என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே தம்பி கையெழுத்துப் போட்டான். அந்த வரிகளை நான் அவனுக்குப் படித்துக் காட்டவில்லை.

அவன் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அரசாங்க வேலையில் சேர்ந்தான். வெள்ளைச் சட்டை, சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள். பெரிய தங்கைக்கு மாப்பிள்ளை பேச ஆரம்பித்தார்கள். ஐந்தாவது மாதம் ஒரு கடிதத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கடிதத்தை நீட்டினான்.

அதை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. அதில் ஒட்டுப்பால் என்ற சொல்லே இல்லை. திருட்டு என்ற சொல்லும் இல்லை. பாரத்தில் பொய்யான தகவல் அளித்த காரணத்தால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்றுதான் இருந்தது. அதாவது, 1986-ஆம் ஆண்டு அவன் செய்ததற்காக அவன் வேலை போகவில்லை. 1989-ஆம் ஆண்டு நான் எழுதியதற்காகப் போயிற்று.

உள்ளதை எழுதியிருந்தால் வேலை நிலைத்திருக்குமா? இந்தக் கேள்வியை என்னையே ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். நிலைத்திருக்கலாம், நிலைக்காமலும் போயிருக்கலாம். 19 வயதில் செய்த தவறு, அதன்பின் மூன்று வருடம் ஒழுங்காக உழைத்தவன் என்று அதிகாரி ஒருவர் இரக்கம் காட்டியிருக்கலாம். அந்த வாய்ப்பை அவனுக்குக் கொடுக்காமல் செய்தவன் நான்.

தோட்டத்தில் அவன் இடத்தில் வேறு ஓட்டுநர் வந்துவிட்டார். தம்பி குத்தகைக்காரரிடம் செம்பனைக் குலை வெட்டப் போனான். பல வருடங்களுக்குப் பிறகுதான் மறுபடியும் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. பெரிய தங்கைக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோனது. இத்தனைக்கும் அவன் தாய் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரட்டில் பார்க்கும்போது “வாங்கய்யா” என்று எப்போதும் போலத்தான் சொல்வாள். திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அவளிடம் உண்மையைப் பேசி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருடங்கள் ஓடின. அவள் காலமாகிவிட்டாள். நான் கேட்கவில்லை.

தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமாக ஆனபோது பலரும் டவுனுக்குப் பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தோம். தம்பியின் வீடும் என் வீடும் இரண்டு சந்து இடைவெளியில்தான். கோயிலில் பார்ப்போம், கல்யாணத்தில் பார்ப்போம், பேசுவோம். அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டோம்.

2023-ஆம் ஆண்டு ஒரு நாள் இரவு தம்பி தன் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். பையனுக்கு 24 வயது, டிப்ளோமா முடித்தவன். அரசாங்க வேலை ஒன்று அவனுக்கும் கிடைக்கும் போலிருந்தது. இப்போதெல்லாம் பாதுகாப்புப் பரிசோதனை விவரங்களைக் கணினி வழியாகவே அனுப்புகிறார்கள். கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். 19 வயதில், ஒரு பந்தாட்டப் போட்டி முடிந்த பிறகு நடந்த கைகலப்பில் இவனும் மாட்டிக்கொண்டானாம். ஒருவருக்கு உதடு கிழிந்துவிட்டது. போலீஸ் பிடித்தது, கோர்ட்டுக்கும் போயிற்று. நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். தகப்பனுக்கு 19 வயதில் வந்தது மகனுக்கும் 19 வயதில்!

“தாத்தா, கூட்டாளிங்க எல்லாம் எழுதாதன்னு சொல்றாங்க” என்றான் பையன். தம்பி என் முகத்தை நேராகப் பார்த்தான். “ஐயா, இந்தத் தடவ உள்ளத எழுதச் சொல்லுங்க. நீங்க சொன்னா இவன் கேப்பான்” என்றான்.

அவன் வேறு யாரிடமும் போகாமல் என்னிடம் ஏன் வந்தான் என்று எனக்குப் புரிந்தது. அன்று என் நாக்கு புரளவில்லை. “நாளைக்கு வக்கீலைப் பார்ப்போம்” என்று மட்டும் சொன்னேன். எங்கள் தோட்டத்துப் பள்ளியில் படித்து வக்கீலான பிள்ளை ஒருவர் டவுனில் இருக்கிறார். மூவரும் போனோம். அங்கே நான் கற்றுக்கொண்டதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் தாய் தகப்பன்மார் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

முதலில் பரிசோதனை என்பது என்ன? பிரதமர் இலாகாவின் கீழ் அரசாங்கத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அரசாங்கக் காகிதங்களில் தெர்ஹாட், சூலிட், ரஹ்சியா, ரஹ்சியா பெசார் என்று நான்கு படிகள் உண்டு. கீழ்ப்படிக் காகிதங்கள் புழங்கும் இடத்தில் வேலை செய்பவருக்குத் தாப்பிசான் காசார் என்னும் பொதுவான சல்லடை. மேற்படி இரகசியங்களைக் கையாள்பவருக்குத் தாப்பிசான் ஹாலுஸ் என்னும் நுண்ணிய சல்லடை. டிரைவருக்கு எதற்கு இது என்று நான் அந்தக் காலத்தில் நினைத்தேன். அதிகாரியையும் அவர் கோப்பையும் ஏற்றிக்கொண்டு போகிறவர் டிரைவர்தானே! அரசாங்க வேலைக்கு மட்டுமல்ல, நம் ஆட்கள் பலர் செய்யும் ஜாகா வேலைக்கும் இப்படிப்பட்ட சோதனை உண்டு. தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அவற்றில் சேரும் காவலர்களின் பழைய பதிவுகளையும் பார்ப்பார்கள்.

இரண்டாவது, எதற்காகக் கேட்கிறார்கள்? ஒருவனை அவமானப்படுத்துவதற்காக அல்ல. மறைக்க வேண்டிய விஷயம் ஒன்று ஒருவனிடம் இருந்தால், அதைத் தெரிந்தவன் அவனை மிரட்டலாம். “அந்தக் காகிதத்தைக் கொண்டுவா, இல்லாவிட்டால் சொல்லிவிடுவேன்” எனலாம். பழைய தவறைத் தானே சொல்லிவிட்டவனை யாரும் அப்படி மிரட்ட முடியாது. இதை வக்கீல் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. பழைய வழக்கு ஒருவன் அன்று எப்படி இருந்தான் என்பதைக் காட்டுகிறது. மறைத்த பாரமோ அவன் இன்று எப்படி இருக்கிறான் என்பதைக் காட்டிவிடுகிறது. அமெரிக்காவிலும் இந்தப் பரிசோதனையில், எந்த வயதில் செய்தது, எத்தனை காலம் ஆயிற்று, அதன்பின் ஆள் திருந்தினானா என்றெல்லாம் பார்ப்பார்களாம். பாரத்தில் வேண்டுமென்றே பொய் எழுதுவதை அங்கே தனிக் குற்றமாகவே எடுத்துக்கொள்வார்களாம்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். பாரத்தில் உள்ள கேள்வியைச் சரியாகப் படிக்க வேண்டும். டித்தாங்காப் என்றால் கைது செய்யப்பட்டது. டிடாக்வா என்றால் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. டிசாபிட்கான் என்றால் குற்றவாளி என்று தீர்ப்பானது. மூன்றும் வேறு வேறு. கைதாகி வழக்கே இல்லாமல் வெளியே வந்தவர் உண்டு. வழக்கு நடந்து விடுதலையானவர் உண்டு. இவர்கள் தீர்ப்புப் பெற்றவர்கள் அல்லர். ஆனால் கைது உண்டா என்று கேட்டிருந்தால் உண்டு என்றுதான் எழுத வேண்டும். சாலைக் குற்றத்துக்குக் கொம்பவுன் கட்டித் தீர்த்தது நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. பயந்துபோய்க் கேட்காததையெல்லாம் எழுதவும் வேண்டாம். தைரியமாகக் கேட்டதை மறைக்கவும் வேண்டாம்.

நன்னடத்தைப் பிணையிலும் இரண்டு வகை இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவின் கீழ், குற்றம் நிரூபணமானாலும், ஆளின் வயது, குணம், குற்றத்தின் சிறுமை இவற்றைப் பார்த்து, தண்டனைத் தீர்ப்பைப் பதிவு செய்யாமலேயே எச்சரித்தோ பிணையிலோ நீதிமன்றம் விட்டுவிடலாம். 294-ஆவது பிரிவில் அப்படி இல்லை. குற்றவாளி என்ற தீர்ப்பு பதிவாகும், அதன் பிறகுதான் பிணை. இரண்டிலும் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான். தாய்க்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் பத்து வருடம் கழித்துப் பாரம் நிரப்பும்போது இரண்டும் ஒன்றல்ல.

தம்பியின் மகன் வழக்கில் நீதிமன்ற உத்தரவின் நகலை வாங்கிப் பார்த்தோம். 323-ஆவது பிரிவின் கீழ், அதாவது காயம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. 173ஏ பிரிவின் கீழ் ஒரு வருடப் பிணை. தீர்ப்புப் பதிவாகவில்லை. தம்பி அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “ஐயா, அன்னைக்கு எனக்கும் இது மாதிரி கேட்டிருக்கலாமோ?” என்று மெதுவாகக் கேட்டான். வக்கீல் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று அவனுக்காகக் கேட்க யார் இருந்தார்கள்? “ஒப்புக்கிட்டு அபராதத்தைக் கட்டு” என்று சொல்லத்தான் நாங்கள் இருந்தோம்.

பையனுக்கு வந்த பாரத்தில் கைது, குற்றச்சாட்டு, தீர்ப்பு என்று தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். முதல் இரண்டுக்கும் உண்டு என்றும், மூன்றாவதற்கு இல்லை என்றும் அவனே எழுதினான். கூடவே ஒரு விளக்கக் கடிதம். எந்த நாள், எந்த நீதிமன்றம், எந்தப் பிரிவு, என்ன உத்தரவு, அதன்பின் என்ன படித்தேன், என்ன வேலை செய்தேன் என்று அரைப் பக்கம். “மத்தவன்தான் முதல்ல அடிச்சான்னு எழுதவா?” என்று கேட்டான். வேண்டாம் என்றார் வக்கீல். செய்ததைச் சொல், சாக்குச் சொல்லாதே என்றார். உத்தரவின் நகலை அதோடு இணைத்தோம்.

வீட்டுக்குத் திரும்பியதும் பையன் கிளம்பிவிட்டான். தம்பி திண்ணையில் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனாள். முப்பத்து நான்கு வருடமாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன்.

“தம்பி, அன்னைக்குத் ‘தியாடா’ன்னு எழுதினது நான். தப்பு என்னோடது. உங்கம்மாகிட்ட சொல்லாமலே விட்டுட்டேன். உன்கிட்டயாவது சொல்லணும்.”

அவன் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: “எழுதினது நீங்கதான்யா. கையெழுத்துப் போட்டது நான்தானே. எனக்கும் எழுதப் படிக்கத் தெரியும். அம்மா சாகறதுக்கு முன்னாடி சொன்னாங்க, கிராணி ஐயா நமக்கு நல்லது நெனச்சுத்தான் செஞ்சாரு, அவரக் கேக்காதன்னு.”

என்னால் அதற்குமேல் பேச முடியவில்லை.

நான்கு மாதம் கழித்துப் பையனை விளக்கம் கேட்க அழைத்தார்கள். கேட்டார்கள், சொன்னான். பிறகு சில வாரங்களில் வேலை உறுதியானது. இதைப் படித்துவிட்டு, உண்மை எழுதினால் வேலை நிச்சயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் தாமானிலேயே வேறொரு பிள்ளை தன் பழைய போதைப் பொருள் வழக்கை மறைக்காமல் எழுதினான். கேட்ட வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவன் இன்னொரு வேலைக்கு நிமிர்ந்து நின்று மனுப் போட்டான். துரத்தி வருவதற்கு அவன் பின்னால் ஒரு பொய் இல்லை.

ஒரு சங்கடத்தையும் சொல்லத்தான் வேண்டும். நம் அரசியல் சட்டத்தின் 48-ஆவது விதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்குக் குறையாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் பெற்றவர் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. அந்தத் தடையும் தண்டனை முடிந்து, அல்லது அபராதம் விதிக்கப்பட்டு, ஐந்து ஆண்டில் தீர்ந்துவிடும். அன்வார் இப்ராகிம் 2003-இல் ஒரு தண்டனையை முடித்து, 2008 ஏப்ரலில் அந்தத் தடை தீர்ந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தலில் வென்றதை நாடே பார்த்தது. 200 வெள்ளி அபராதம் கட்டிய தம்பி, இந்த விதியின்படி 1990-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வேட்பாளராகவே நின்றிருக்கலாம்! வண்டி ஓட்டும் வேலைக்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

பக்கத்து நாடான சிங்கப்பூரில் 2005-ஆம் ஆண்டு ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம், கடுங்குற்றப் பட்டியலில் வராதது என்பன போன்ற நிபந்தனைகள் பொருந்தினால், ஐந்து ஆண்டு எந்தக் குற்றமும் செய்யாதவரின் பழைய பதிவு தீர்ந்துபோனதாகக் கருதப்படும். பிரிட்டனில் இப்படி ஒரு சட்டம் 1974-ஆம் ஆண்டே வந்தது. அங்கேகூட நாட்டுப் பாதுகாப்புப் பரிசோதனைக்குத் தீர்ந்த வழக்கையும் கேட்பார்கள், அது நியாயம்தான். ஆனால் சாதாரண வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளையின் சிறு தவறுக்கும் ஒரு முடிவு நாள் இருக்க வேண்டாமா? ஒட்டுப்பாலுக்கும் பூட்சுக்கும் ஆயுள் முழுவதும் கணக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியுமா? நம் நாட்டிலும் அப்படி ஒரு பொதுவான காலக்கெடு வரவேண்டும் என்று நம் பிரதிநிதிகளிடம் கேட்பது நம் கடமை.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளை ஏதாவது வழக்கில் மாட்டிக்கொண்டால், சீக்கிரம் முடியட்டும் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லாதீர்கள். சட்ட உதவி இலாகா 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏழைகளுக்காகத்தான் இருக்கிறது. வக்கீல் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. முதலில் அங்கே போய்க் கேளுங்கள். வழக்கு முடிந்தால் உத்தரவின் நகலையும் ரசீதையும் வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பாரம் நிரப்பும் நாளில், எந்தப் பிரிவு என்று ஊகித்து எழுதாமல், தாளைப் பார்த்து எழுதுங்கள்.

இன்றும் என் வீட்டுக்குப் பாரத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கண் மங்கிவிட்டது, ஆனாலும் முடியாது என்று சொல்வதில்லை. ஒரு வழக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். முதல் பக்கத்தில் பெயர் எழுதுவதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துக்கு மேலே அச்சடித்திருப்பதை உரக்கப் படித்துக் காட்டுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், “தாத்தா, அது எங்களுக்குத் தெரியும்” என்கிறார்கள். தெரியட்டும். நான் படித்து முடித்த பிறகுதான் பேனாவை எடுப்பேன்.